பழைய பாறுக் கூடுகளைத் தேடும்போது

நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில், பிணந்தின்னிக் கழுகுகள் எனப்படும் பாறுக் கழுகுகள் முன்பு கூடு கட்டியிருந்த இடங்களைத் தேடும் பணியில் நான் முதலில் கற்றுக்கொண்டது, "இங்கே கழுகு இருந்ததா?" என்று யாரிடமும் கேட்கக் கூடாது என்பதுதான். கோழிக்குஞ்சைத் தூக்கும் பருந்தும் ஊரார் பேச்சில் கழுகுதான் என்பதால், இருந்தது என்ற பதில் எல்லா ஊரிலும் கிடைத்துவிடும். மாறாக, செத்த மாட்டை எங்கே போடுவார்கள், அதைச் சுற்றிக் கூட்டமாக உட்கார்ந்த பறவைகளின் கழுத்தில் இறகு இருந்ததா, வயிறு நிறைந்தபின் அவை எந்தப் பக்கம் பறக்கும் என்று மாடு மேய்த்த முதியவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் ஏதேனும் ஓர் ஓடைக்கரையைக் கைகாட்டுவார்கள்.

கருங்கழுத்துப் பாறு செங்குத்துப் பாறைகளில் முட்டையிடும்; பாறையில் படிந்த எச்சத்தின் வெள்ளைத் தடம் பறவை போன பிறகும் நெடுநாள் நிற்கும். வெண்முதுகுப் பாறு இங்கே அதிகம் நாடுவதோ ஓடையோரத்து நீர்மருது மரங்களை. அம்மரத்தின் பட்டையே வழவழவென்று வெளிறித்தான் இருக்கும். ஒருமுறை பைனாகுலரில் கிளைக்கவட்டில் வெண்மையைக் கண்டு, இடுப்பளவு நீரில் ஓடையைக் கடந்துபோய்ப் பார்த்தால், அது பட்டை உரிந்த இடம். அன்றுமுதல் மரத்தைவிட மரத்தடியையே நம்புகிறேன்: புதர் இலைகளில் காய்ந்த எச்சம், மண்ணில் புதைந்த இறகுத்தண்டு, மேலிருந்து விழுந்த சுள்ளிகள். மழைக்குப் பின் இவையும் மிஞ்சுவதில்லை.

பாறுகள் பழைய கூட்டைச் செப்பனிட்டு மீண்டும் பயன்படுத்துவதுண்டு என்பதால், கூடு காலியாக இருப்பதை வைத்து அந்த மரத்தைக் கைவிடுவது தவறு. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவை இது. கூடு கட்டும் மாதங்களில் படம் எடுக்க மரத்தடிக்குச் செல்வதும், இருப்பிடத்தை வாட்ஸ்அப்பில் பகிர்வதும் அந்த ஓராண்டையே பாழாக்கிவிடக்கூடும்.

மரம் இருந்தும் பறவை இல்லாமல் போனதற்கு முதன்மைக் காரணம், மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக். அம்மருந்து உடலில் தங்கிய மாட்டின் இறைச்சியைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. கால்நடைகளுக்கு அதைத் தருவது 2006இல் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால், 2015இல் குப்பியின் அளவு 3 மில்லிக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. பாறுகளுக்கு அதேபோல் நஞ்சாகும் வலிநிவாரணிகளான கீட்டோபுரோஃபெனையும் அசிக்ளோஃபெனாக்கையும் கால்நடைகளுக்குத் தருவது 2023இல் தடைக்கு உள்ளானது.

ஆகவே கூடு பற்றி விசாரித்து முடித்தபின், மாட்டுக்குக் கடைசியாக என்ன ஊசி போட்டார்கள் என்றும் கேட்டு, குப்பியை எடுத்துவரச் சொல்லிப் பெயரைப் படித்துப் பார்க்கிறேன். பாறுகளுக்குத் தீங்கு செய்யாத வலிநிவாரணியான மெலாக்சிகாம் என்றிருந்தால் நிம்மதி. வேறு பெயராக இருந்தால், அடுத்த முறை மெலாக்சிகாம் கேட்டு வாங்குமாறு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.