வாசிப்புச் சிரமம்: குடும்ப வரலாற்றை ஏன் கேட்கிறோம்?

வாசிக்கத் திணறும் பிள்ளையை மதிப்பீட்டுக்கு அழைத்து வரும் பெற்றோரிடம், "உங்களில் யாருக்காவது சிறுவயதில் படிப்பதில் சிரமம் இருந்ததா?" என்று கேட்பேன். முதலில் மறுப்புத்தான் வரும். சற்றுப் பொறுத்தால், வகுப்பில் உரக்க வாசிக்கச் சொன்னபோது நடுங்கியதை அப்பா தயங்கியபடி சொல்லத் தொடங்குவார். பல நேரங்களில், மகனைச் சோம்பேறி என்று திட்டியவரும் அவராகவே இருப்பார்.

டிஸ்லெக்சியா எனப்படும் இந்த வாசிப்புச் சிரமம் குடும்பங்களில் தொடர்ந்து வருவது நெடுநாளாக அறிந்த செய்தி. ஒரே குடும்பத்தின் நான்கு சகோதரர்களிடம் இதைக் கண்டு, ஸ்காட்லாந்தின் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் 1907இலேயே எழுதினார். பெற்றோரில் ஒருவருக்கு டிஸ்லெக்சியா இருந்தால், பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் என்கின்றன ஆய்வுகள். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

"ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுமா?" என்று கேட்கிறார்கள். தெரியாது. எழுத்து தோன்றி ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. வாசிப்புக்கென்று தனி மரபணு எதுவும் நம்மிடம் இல்லை. பேச்சொலிகளைப் பிரித்தறிவது போன்ற பழைய திறன்களைக் கொண்டே மூளை வாசிக்கக் கற்கிறது. டிஸ்லெக்சியா உள்ள ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை மற்றவர்களுடன் ஒப்பிட்டு 2022இல் வெளியான பெரிய ஆய்வு, மரபணுத் தொகுதியில் தொடர்புடைய 42 இடங்களைக் கண்டறிந்தது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அனைத்தையும் கூட்டினாலும் ஒரு குழந்தையின் வாசிப்பைக் கணித்துவிட முடியாது. அப்படிக் கணித்துத் தருவதாக யாராவது விற்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படும் எண் ஒன்று உண்டு. இரட்டையர் ஆய்வுகளில் மரபின் பங்கு 40 முதல் 70 சதவீதம் வரை என்று வருகிறது. மக்களுக்கு இடையே வாசிப்புத் திறனில் காணப்படும் வேறுபாட்டைப் பற்றியது அது. உங்கள் மகளின் சிரமத்தில் இத்தனை சதவீதம் மாற்ற முடியாதது என்று அதற்குப் பொருள் இல்லவே இல்லை. எழுத்தையும் ஒலியையும் இணைத்து, படிப்படியாக, திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுத்தால் இந்தப் பிள்ளைகள் முன்னேறுகிறார்கள். வேகம் சற்றுக் குறைவாகவே இருந்துவிடலாம். அறிவுத்திறனுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எனக்குக் கோபம் வருவது, "வளர வளரச் சரியாகிவிடும், இன்னும் இரண்டு வருடம் பார்க்கலாம்" என்ற அறிவுரையைக் கேட்கும்போதுதான். தொடக்க வகுப்புகளில் கொடுக்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். காத்திருக்கும் அந்த இரண்டு வருடத்தில் பிள்ளை கற்றுக்கொள்வது, தான் முட்டாள் என்பதை மட்டுமே.

ஆகவே குடும்பத்தில் யாருக்காவது இச்சிரமம் இருந்திருந்தால், பள்ளியில் சேர்க்கும்போதே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். பேச்சு தாமதமாக வந்ததா, ஒரே ஓசையில் முடியும் சொற்களை அடையாளம் காணத் தடுமாறுகிறதா, எழுத்துகளின் பெயர் மனதில் நிற்கவில்லையா என்று கவனியுங்கள். மூத்த பிள்ளைக்கு டிஸ்லெக்சியா உறுதியாகியிருந்தால், இளையவர் மதிப்பெண்ணில் சறுக்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே அழைத்து வாருங்கள்.