ஆறினால் தித்திக்கும் பேரீச்சை விழுது

வீட்டில் அரைத்த பேரீச்சம்பழ விழுது குளிர்ந்த பாதாம் பாலில் நன்றாகத் தித்திக்கிறது, அதே அளவு விழுது கொதிக்கும் பாலில் சப்பென்றிருக்கிறதே, ஏன் என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய நாக்கு சொன்னது முற்றிலும் உண்மை.

விழுது செய்வது எளிது. கொட்டை நீக்கிய பழத்தை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரோடு அரைத்தால் போதும். கரும்பிலுள்ள சுக்ரோஸ் என்னும் சர்க்கரையைத்தான் பேரீச்சையும் முதலில் சேர்த்துவைக்கிறது. காய் கனியும்போது இன்வர்டேஸ் என்னும் நொதி அதைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் இரு சிறிய சர்க்கரைகளாக வெட்டுகிறது. மெஜூல் என்னும் பேரீச்சை வகையின் 100 கிராம் பழத்தில் சுக்ரோஸ் அரை கிராம் அளவே எஞ்சுகிறது. ஃபிரக்டோஸோ ஏறத்தாழ 32 கிராம்.

விடை இந்த ஃபிரக்டோஸில்தான் இருக்கிறது. நீரில் கரைந்த ஃபிரக்டோஸ் மூலக்கூறு ஒரே வடிவத்தில் நிலைப்பதில்லை. அதன் வளையம் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஆறு அணுக்கள் கொண்ட வளையமாகவோ ஐந்து அணுக்கள் கொண்ட வளையமாகவோ அமைகிறது. நாவின் இனிப்பு உணர்விகளில் கச்சிதமாகப் பொருந்துவது ஆறணு வளையம். ஐந்தணு வளையத்தின் இனிப்பு மிகக் குறைவு. குளிரில் ஆறணு வளையங்கள் மிகுந்திருக்கும். சூடேற ஏற அவற்றுள் பல ஐந்தணு வளையங்களாக மாறிவிடும். அதனால்தான் 5 பாகை செல்சியஸில் சுக்ரோஸைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு இனிக்கும் ஃபிரக்டோஸ், 60 பாகையில் 0.8 மடங்குக்கு இறங்குகிறது. ஆறினால் வளையங்கள் பழைய விகிதத்துக்குத் திரும்புகின்றன. ஒரு துளி சர்க்கரையும் அழிவதில்லை. சுக்ரோஸுக்குள்ளும் ஃபிரக்டோஸ் உண்டு, ஆனால் குளுக்கோஸோடு பிணைந்திருப்பதால் அதன் வளையம் திறக்க வழியில்லை. இத்தனை பெரிய நாடகம் ஒரு குவளைப் பாலுக்குள் நடப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இயற்கை இனிப்பு என்பதால் நீரிழிவு உள்ளவர்களும் இதை அளவின்றி உண்ணலாம் என்ற நம்பிக்கை பரவிவருவது கவலை தருகிறது. அரைத்த பழத்தில் நார்ச்சத்தும் பொட்டாசியமும் கிடைப்பது உண்மையே. ஆயினும் பழத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். பிரித்தானியாவின் உணவு வழிகாட்டுதல்கள் பழ விழுதின் சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்கின்றன.

வாசகிக்கு என் பரிந்துரை: பால் இளஞ்சூட்டுக்கு வந்த பிறகு விழுதைக் கலந்து சுவை பாருங்கள். கொதிநிலையில் சுவைத்துவிட்டு இன்னும் இரண்டு கரண்டி சேர்த்தால், ஆறும்போது திகட்டும்.