பி.எட். ஆங்கிலம்: பாடம் எடுப்பதற்கு முன் கடைசி பெஞ்சில் ஒரு வாரம்

பி.ஏ. ஆங்கிலம் முடித்தவர் தமிழ்நாட்டில் 6 முதல் 10 வரையிலான வகுப்புகளுக்குப் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமென்றால் பி.எட். கட்டாயம். சேர்க்கை, கட்டணம், கட்-ஆஃப் பற்றி விசாரிப்பவர்கள் நிறையப் பேர். உள்ளே போன பிறகு என்ன படிக்கவேண்டும், பள்ளியில் எத்தனை வாரம் இருக்கவேண்டும், அங்கே என்ன வேலை என்பதை விசாரிப்பவர்கள் குறைவு. முதல் வருடம் பாதி போன பிறகு அலறுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

விதிகளை வகுப்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ. அதன் 2014-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படிதான் 2015-16 முதல் பி.எட். இரண்டு வருடப் படிப்பானது. அதற்கு முன் ஒரே வருடம். சேர்ந்த நாளிலிருந்து அதிகபட்சம் மூன்று வருடங்களுக்குள் முடித்துவிடவேண்டும். தமிழ்நாட்டில் பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. சேர்வதற்கான குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம். மற்ற பிரிவுகளுக்கு மாநில அரசு தளர்வு தருகிறது. பள்ளிப் படிப்பு, பட்டம் இரண்டும் 10+2+3 என்ற வரிசையில் இருக்கவேண்டும். பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

படிப்பை மூன்று பகுதிகளாகப் பார்க்கலாம். குழந்தைப் பருவமும் வளர்ச்சியும், சமகால இந்தியாவும் கல்வியும், பாலினமும் பள்ளியும் போன்ற தாள்கள் எல்லா மாணவர்களுக்கும் பொது. இரண்டாவது, அவரவர் பாடத்தைக் கற்பிக்கும் முறை. எல்லோரும் ‘மெத்தட் பேப்பர்’ என்று சொல்வது இதைத்தான். மூன்றாவது களப்பணி: பள்ளிப் பயிற்சியோடு நாடகமும் கலையும், கணினிப் பயன்பாடு, தன்னை அறிதல் போன்ற செய்முறைகளும் இதில் அடங்கும்.

ஆங்கில மெத்தட் பேப்பரில் இலக்கணமும் மொழிபெயர்ப்புமாகப் போகும் பழைய முறை, இருமொழி முறை, உரையாடல் வழி முறை எல்லாம் வரும். செயல்வழி மொழி கற்பித்தல் பற்றிப் படிக்கும்போது ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என்.எஸ்.பிரபுவின் பெங்களூரு திட்டமும் வரும். 1979 முதல் 1984 வரை நடந்தது. பெயரைப் பார்த்து அது கர்நாடக சமாச்சாரம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சென்னையிலும் கடலூரிலும்கூட அந்த வகுப்புகள் நடந்தன. இலக்கண விதியைச் சொல்லித் தராமல் ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, கணக்குப் போடுவதுபோல ஆங்கிலத்திலேயே யோசிக்கவைத்தார்கள். தேர்வுக்கு இதை இரண்டு பக்கக் குறிப்பாக மனப்பாடம் செய்துவிட்டுப் போவது பாவம். பள்ளிப் பயிற்சியில் ஒரு பீரியடாவது அப்படி எடுத்துப் பார்க்கலாம்.

பள்ளிப் பயிற்சிக்கு வருவோம். ‘இன்டர்ன்ஷிப்’ என்றும் பழைய பழக்கத்தில் ‘டீச்சிங் பிராக்டிஸ்’ என்றும் சொல்வது இதுதான். குறைந்தபட்சம் 20 வாரம்: முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. இரண்டாம் வருடத்தில் 6 முதல் 8 வரை ஒரு நிலை, 9, 10 அல்லது மேல்நிலை வகுப்புகள் இன்னொரு நிலை என இரண்டிலும் பாடம் எடுக்கவேண்டும். தொடக்கத்தில் ஒரு வாரம், வழக்கமான ஆசிரியர் வழக்கமான வகுப்பை நடத்துவதை உட்கார்ந்து கவனிப்பதற்கென்றே ஒதுக்கப்படவேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது.

நடைமுறையில் இந்த வாரத்துக்குத்தான் மரியாதை இல்லை. ஆசிரியர் விடுப்பில் இருக்கும் வகுப்புக்குப் பயிற்சி மாணவரை அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் வருகைப் பதிவேடு, விடைத்தாள் கூட்டல் என்று அலுவலக வேலை. கவனிப்புக்கான ரெக்கார்டு நோட்டைக் கடைசி வாரத்தில் சீனியரின் நோட்டைப் பார்த்து நிரப்பிவிடுவது ஊரறிந்த ரகசியம். கையெழுத்து கிடைத்துவிடும், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் ஆங்கில ஆசிரியராகப் போகிறவருக்கு மொத்தப் பயிற்சியிலும் மதிப்பு அதிகமான வாரம் இதுதான் என்பது என் கட்சி. பாடம் எடுக்கத் தொடங்கிய பின் வகுப்பைப் பார்க்க நேரம் இருக்காது. நம் குரலையும் கரும்பலகையையும் கவனிப்பதிலேயே பீரியட் ஓடிவிடும்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எதைப் பார்ப்பது? எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பீரியட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆசிரியை உரைநடைப் பாடத்தின் ஒரு வரியை வாசிக்கிறார், தமிழில் பொருள் சொல்கிறார். “புரிஞ்சுதா?” என்று கேட்கிறார். “எஸ் மிஸ்” என்று வகுப்பே கோரஸாகச் சொல்கிறது. அடுத்த வரி. “ஆசிரியை நன்றாக விளக்கினார், மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தனர்” என்று ரெக்கார்டில் எழுதினால் அதில் ஒன்றும் இல்லை. பக்கத்தை நான்கு பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: நேரம், ஆசிரியர் சொன்னது, மாணவர் சொன்னது, எந்த மொழி. பீரியட் முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். கேள்விகளுக்குத் தனியாகப் பதில் சொன்னவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், யாராவது சொந்தமாக ஒரு முழு ஆங்கில வாக்கியம் பேசினார்களா, ஆசிரியை தமிழுக்கு மாறியது எந்த இடத்தில் என்பதெல்லாம் தானாகத் தெரியும். தமிழில் விளக்குவதையே குற்றமாக எழுதி வைக்கவேண்டாம். கடினமான சொல்லுக்குப் பொருள் சொல்ல மாறுவது வேறு, “உட்காரு”, “நோட்டை எடு” என்பதற்குக்கூட மாறுவது வேறு. உங்கள் குறிப்பில் அந்த வித்தியாசம் வந்தால் போதும்.

ஃபிளாண்டர்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இப்படி வகுப்பைக் கவனிப்பதற்கென்றே ஒரு முறை வகுத்திருக்கிறார். மூன்று விநாடிக்கு ஒருமுறை வகுப்பில் நடப்பதைப் பத்து வகைகளில் ஒன்றாகக் குறிக்கவேண்டும். ஏழு வகை ஆசிரியர் பேச்சு, இரண்டு மாணவர் பேச்சு, ஒன்று மௌனமோ குழப்பமோ. முழு பீரியடுக்கும் செய்தால் கை வலிக்கும். நடுவில் பத்து நிமிடம் மட்டும் செய்து பாருங்கள், ஆசிரியர் பக்கம் எவ்வளவு கனம் என்பது புள்ளிகளிலேயே தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. நோட்டில் ஆசிரியரின் பெயரைப் போட்டுக் குறை எழுதி, அதை ஸ்டாஃப் ரூமில் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். வகுப்புக்குள் போகுமுன் அனுமதி கேளுங்கள், முடிந்ததும் நன்றி சொல்லி ஒரு சந்தேகமாவது கேளுங்கள். அடுத்து வரும் வாரங்களில் உங்களுக்கு வழிகாட்டி ஆசிரியராக வரப்போவது அவராகவே இருக்கலாம்.

அதன் பிறகு முறை மாறும். நீங்கள் பாடம் எடுப்பீர்கள், உடன் படிப்பவரும் வழிகாட்டி ஆசிரியரும் கல்லூரிப் பேராசிரியரும் கவனிப்பார்கள். இந்த மூன்று கவனிப்பும் விதியிலேயே உள்ளவை. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே லெசன் பிளான் எழுதி வழிகாட்டியிடம் காட்டவேண்டும். நான்கு பத்திக் குறிப்பு உங்களிடம் இருந்தால், நீங்கள் பாடம் எடுக்கும்போது அதே மாதிரி எழுதித்தரச் சொல்லி நண்பரிடம் கேளுங்கள். “சூப்பரா எடுத்தே” என்பதைவிட அது உதவும்.

வருகைப் பதிவில் ஏமாந்துவிடாதீர்கள். தாள்களுக்கும் செய்முறைக்கும் 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். “கல்லூரிக்கு வரவே வேண்டாம், தேர்வு மட்டும் எழுதுங்கள்” என்று ஏஜென்ட் சொல்வது இந்த விதிக்கு நேர் எதிரானது. பணம் கட்டுவதற்கு முன் அந்தக் கல்லூரிக்கு என்.சி.டி.இ. அங்கீகாரமும் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பட்டம் கைக்கு வந்ததும் அரசுப் பள்ளி வேலை தானாக வராது. முதலில் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறவேண்டும். அதன் இரண்டாம் தாள் 150 மதிப்பெண். பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி 90. அந்த 150-இல் ஆங்கிலத்துக்கு 30 மட்டுமே. 60 மதிப்பெண்ணுக்குக் கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல் எழுதவேண்டும். ஆங்கிலப் பட்டதாரிகள் பெரும்பாலும் சமூக அறிவியலைத்தான் எடுக்கிறார்கள். 2018-இல் வந்த அரசாணை 149-இன்படி, தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்ற பிறகு பணி நியமனத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு தனியாக உண்டு. பி.எட்.டை வைத்து 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்குப் போகலாமே என்று நினைத்தால், 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. அதற்கு தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம் போன்ற தகுதி வேண்டும். சமூக அறிவியலை எடுப்பதாக இருந்தால் ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள், பள்ளிப் பயிற்சிக்குப் போகும் இடத்திலேயே அந்தப் புத்தகங்கள் கிடைக்கும்.