பத்திரம் எழுதினால் பிள்ளை உங்களுடையது ஆகாது

போன வாரமும் ஒரு தம்பதி. பத்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து நின்றார்கள். புரோக்கர் மூலம் வாங்கிய குழந்தை. அந்த அண்ணன், பெற்றவள் பிள்ளையைத் தங்களுக்குக் கொடுத்துவிட்டதாக எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த முத்திரைத்தாளை எடுத்து நீட்டினார். "நோட்டரி கையெழுத்து இருக்கு மேடம்." எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த வருடம் நான் பார்க்கும் நான்காவது பத்திரம் அது.

முத்திரைத்தாள் வாடகை ஒப்பந்தத்துக்கு, கைமாற்றுக்கு. நீங்கள் அரசுக்குக் கட்டணம் கட்டினீர்கள் என்பதுதான் அந்த முத்திரையின் அர்த்தம். நோட்டரி பார்ப்பது கையெழுத்துப் போட்டவர் இவர்தானா என்பதை. நான்கு சாட்சி வைத்தாலும், கவுன்சிலரே கையெழுத்துப் போட்டாலும் குழந்தை கைமாறாது. ஐந்நூறு ரூபாய்த் தாளில் எழுதினாலும் அப்படித்தான்.

"1956 ஆம் வருட இந்து தத்தெடுப்புச் சட்டம் இருக்கிறதே" என்று யாராவது கிளப்புவார்கள். இருக்கிறது. பெற்றவர்களே நேரில் தத்துக் கொடுக்க அதில் வழி உண்டு. ஆனால் அதற்காகப் பணம் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று அதே சட்டத்தின் 17 ஆம் பிரிவு சொல்கிறது. புரோக்கரிடம் கொடுத்த பணக்கட்டு என்ன, சீர்வரிசையா? 2015 ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் 5 வருடம் வரை சிறை, 1 லட்சம் அபராதம். ஆஸ்பத்திரி ஊழியர் விற்றால் குறைந்தது 3, அதிகபட்சம் 7 வருடம். பிரசவ வார்டில் "பார்ட்டி இருக்கு" என்று காதில் ஓதும் தங்கைகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பெற்றவளிடம் ஒரு வேண்டுகோள். வளர்க்க வழியில்லையா, குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படையுங்கள். ஒப்படைத்ததற்காக உங்கள் மேல் வழக்கு வராது. மனம் மாறினால் 60 நாளுக்குள் திரும்பக் கேட்கலாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

தத்தெடுக்க நினைப்பவர்கள் மத்திய தத்து வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். கடைசியில் ஆட்சியர் ஆணை தருவார். கைக்குழந்தைதான் வேண்டுமென்றால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், மறைக்கவில்லை. ஆனால் ஆறு, எட்டு வயதுப் பிள்ளைகளும் இல்லங்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு வருவோர் குறைவு.

போன வாரம் வந்த அந்தக் குழந்தை இப்போது தத்து மையத்தில். தூக்கி வந்த அந்த அக்கா தினமும் போன் செய்கிறார். "காதைப் பிடிச்சுக்கிட்டேதான் தூங்குவான் மேடம், ஆயாம்மாகிட்ட சொன்னீங்களா?" சொல்லிவிட்டேன்.