வீட்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு, மிஸ்

அந்த அம்மா முதல் சந்திப்புக்கு என்னை வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையும் வேண்டாம், தெரிந்த முகங்கள் இருக்கும் என்று இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஓர் உணவங்காடி நிலையத்துக்கு வரச் சொன்னார். வாங்கி வைத்த தேயில் ஆடை படிந்துவிட்டது, தொடவே இல்லை. மகனுக்கு 15 வயது, உயர்நிலை மூன்று. போலிஸ் வீட்டுக்கு வந்து அவன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய் மூன்று வாரம் ஆகியிருந்தது, தன் கூடப் பிறந்த அண்ணனுக்குக்கூட இன்னும் சொல்லவில்லையாம்.

இது ஒரே பிள்ளையின் கதை இல்லை. இப்படிச் சிக்கிக்கொண்ட குடும்பங்களுக்கு உதவும் வேலையில் நான் பார்த்த பல பிள்ளைகளிடமிருந்து எடுத்துச் சேர்த்தது. இளையர் நீதிமன்றத்துக்குப் போன பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிட இங்கே சிங்கப்பூரில் சட்டம் விடாது, விடவும் கூடாது.

பையன் செய்தது இதுதான். சாட் குரூப்பில் யாரோ, "பேங்க் அக்கவுண்ட் சும்மாதானே கிடக்கு, ஒரு வாரம் குடு, 300 வெள்ளி" (டாலர்) என்று போட்டிருக்கிறான். தீபாவளிக் காசு போட்டு வைக்க அம்மா திறந்து கொடுத்த கணக்கு. அட்டையையும் பின் நம்பரையும் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். கைக்கு வந்தது 100 வெள்ளி, அப்புறம் அந்த ஆள் பிளாக் செய்துவிட்டான். யாரோ ஒரு முதியவர் மோசடியில் இழந்த சேமிப்பு அந்தக் கணக்கு வழியாகத்தான் போயிருக்கிறது. "நான் யாரையும் ஏமாத்தலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான், உண்மையாகவே அப்படித்தான் நம்பினான். ஆனால் 2023ல் நிறைவேறிய சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகப்படாமல் கணக்கைக் கொடுத்தாலே குற்றம். அரசாங்கச் சேவைகளுக்குள் நுழையும் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸின் கடவுச்சொல்லைக் கொடுப்பதும் அப்படித்தான். 15 வயதிலேயே சிங்பாஸ் வாங்கிவிடலாம், அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று எத்தனை வீட்டில் சொல்லிக் கொடுக்கிறோம்?

"சின்னப் பையன், விட்டுடுவாங்க" என்று நினைக்கும் பெற்றோரும் நிறைய. குற்றப் பொறுப்புக்கான வயது முன்பு 7 ஆக இருந்தது, இப்போது 10. பதினைந்து அதையெல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று.

அந்த அம்மாவின் முதல் கோபம் விசாரணை அறை வாசலில். "பெத்தவ நான் வெளிய நிக்கறேன், யாரோ ஒரு ஆள் உள்ள உக்காந்திருக்கார்." அந்த 'யாரோ', 2017ல் தொடங்கிய திட்டத்தின் கீழ் வரும் தொண்டூழியர். வழக்கறிஞரும் இல்லை, போலிஸும் இல்லை. பிள்ளை மிரண்டு போயிருக்கிறானா, கேள்வி புரிகிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அம்மா உள்ளே இருந்தால் பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லும், அதனால் பொதுவான ஆளாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நானும் ஒரு தாய், அந்தக் கோபம் எனக்குப் புரியத்தான் செய்தது.

எல்லா வழக்கும் நீதிமன்றம் வரை போவதில்லை. வழக்குப் போடாமல் ஆலோசனை கொடுத்துத் திருத்தும் வழிகாட்டுதல் திட்டம் என்று ஒன்று 1997லிருந்து இருக்கிறது, பொதுவாக ஆறு மாதம், ஒழுங்காக முடித்தால் கடும் எச்சரிக்கையோடு போய்விடும். இவனுக்கு அது கிடைக்கவில்லை. 16 வயதுக்குள் என்பதால் இளையர் நீதிமன்றத்துக்குப் போனது. அது மூடிய அறை, நீதிபதியிடம் 'நாலு வார்த்தை பேச' சட்டைக் கை மடித்துக்கொண்டு வந்த மாமாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள் (கடைசியில் மாமாவிடமும் சொல்ல வேண்டியதாயிற்று). அங்கே 'தண்டனை' என்ற சொல்லையே பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் பயன்படுத்தாது. பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். என்ன உத்தரவு போடுவது என்று முடிவு செய்யும்போது நீதிபதியோடு இரண்டு ஆலோசகர்கள் உட்காருவார்கள், அதற்கு முன்னால் வீட்டைப் பற்றி ஓர் அறிக்கை கேட்பார்கள்.

நம் வீடுகள் சறுக்குவது இந்த அறிக்கையில்தான்.

அந்த அறிக்கையை எழுதும் நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வந்த அன்று நானும் போயிருந்தேன். சாமி படத்துக்குப் புதுப் பூ, மாப் போட்ட ஈரம் காயாத தரை. வாசலில் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் ஆண்பிள்ளை சப்பாத்து ஒரு ஜோடி, பாலிஷ் போட்டு, லேஸ் எல்லாம் கட்டி. அப்பா எங்கே என்று கேட்டதற்கு, "ஜொகூர்ல வேலை சார், வாரக் கடைசியில வந்துடுவார். வீட்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் அம்மா. என்னிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். அதிகாரி பையனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார், பத்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டது. அப்பா கோபித்துக்கொண்டு உட்லண்ட்ஸில் தம்பி வீட்டுக்குப் போய் எட்டு மாதம். அம்மாவுக்கு வாரத்தில் ஐந்து நாள் இரவு ஷிப்ட். ராத்திரி முழுக்கப் பையனும் கைப்பேசியும்தான்.

அம்மா அழுதார். மானம் போச்சு என்றார். அதிகாரிக்கு அவர் மானத்தில் அக்கறை இல்லை, எந்த வீட்டில் சண்டை இல்லை, அவர் பார்க்காததா? அவர் கேட்டது ஒன்றுதான்: "ராத்திரி பத்து மணிக்கு மேல வீட்ல யார் இருப்பாங்க?" நன்னடத்தைக் கண்காணிப்பு ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை போகலாம், கூடவே இரவில் வீட்டில் இருக்க வேண்டிய நேரமும் வரும். அப்பா இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்து, அதை நம்பி உத்தரவு போட்டு, அந்த அப்பா இல்லாமல் போனால், பையன் இரண்டாவது வாரமே மீறுவான், திரும்ப நீதிமன்றம், அப்புறம் இளங்குற்றவாளிகளை அடைத்து வைக்கும் பாய்ஸ் ஹோம் பேச்சு வரும். ஒரு ஜோடி சப்பாத்து இவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்று அந்த அம்மாவுக்கு யார் சொன்னார்கள்? நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, இப்போதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

உண்மை வெளியே வந்த பிறகு காரியம் வேகமாக நடந்தது. இரவில் வந்து படுத்துக்கொள்ள அம்மாச்சி சம்மதித்தார். அம்மா இரண்டு இரவைப் பகல் ஷிப்டாக மாற்றிக்கொண்டார். அப்பா நீதிமன்றத்துக்கு வந்து மூலையில் நின்றார், மனைவியிடம் பேசவில்லை, ஆனால் மகனைச் சரியாகப் பார்த்துக்கொள்வேன் என்று பெற்றோர் பிணை எழுதிக் கொடுத்தார். பையனுக்கு 12 மாதக் கண்காணிப்பு, சமூக சேவை, இரவு 10 மணிக்குள் வீடு.

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்த அம்மாவிடமிருந்து போன். சித்தப்பா காவடி எடுக்கிறார், பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை கூட நடக்கப் பையனுக்கு ஆசை, எப்படியும் பத்து மணி தாண்டிவிடும். அதிகாரியிடம் கேளுங்கள் என்று நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்:

"சாருக்கு எழுதி அனுப்பிட்டேன் மிஸ். எத்தனை மணிக்குக் கிளம்பறோம், எப்ப வருவோம், யார் யார் கூட, எல்லாம். அவங்கப்பா உட்லண்ட்ஸ்லேர்ந்து வந்து சேந்துக்குவார்னும் போட்டிருக்கேன்."