எம் புக் என்னும் அளவேடு

கோபி, தாராபுரம், பல்லடம் என்று எந்த நகராட்சி அலுவலகத்துக்குப் போனாலும் ஒப்பந்ததாரர்கள் பேச்சில் இந்தச் சொல் காதில் விழும்: “எம் புக் ஏறிருச்சுங்களா?” ஏறியிருந்தால் பில் வரும். ஏறாவிட்டால் வேலை முடிந்திருந்தாலும் பணம் வராது.

மெஷர்மென்ட் புக் என்பதன் சுருக்கம்தான் எம் புக். நடந்த வேலையைப் பொறியாளர் அந்த இடத்துக்கே போய் அளந்து, எழுதிக் கையெழுத்துப் போடும் புத்தகம். வெள்ளைக்காரர் காலத்துப் பொதுப்பணித்துறை நடைமுறை; உள்ளாட்சிகளும் அதையே பின்பற்றுகின்றன. பக்கங்களுக்கு எண் உண்டு, தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அழிக்காமல் கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, தேதியுடன் சுருக்கொப்பம் இட வேண்டும். மேலதிகாரி மறுபடி அளந்து சரிபார்க்கவும் வேண்டும்.

‘மெஷர்’ லத்தீனின் ‘மென்சுரா’விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நமக்கு ‘அள’ என்ற வேர் இருக்கிறது. அளவு, அளவை, அளவீடு எல்லாம் அதில் கிளைத்தவை. சோழர் காலத்தில் நிலம் அளந்த கோலுக்கு ‘உலகளந்த கோல்’ என்றே பெயர். வள்ளமும் படியும் வைத்துத் தானியம் அளந்த கொங்கு நாட்டுக்கு இந்தச் சொல் அந்நியமே இல்லை.

அரசுத் தாள்களில் ‘அளவுப் புத்தகம்’, ‘அளவீட்டுப் புத்தகம்’ என்று இரண்டு விதமாகவும் பார்க்கலாம். அளந்து கண்டதைக் குறிப்பதால் இரண்டாவது துல்லியமானது. ஆனால் வாயில் நிற்க வேண்டுமே! புத்தகம் வடசொல். நாளேடு, பதிவேடு போல ‘அளவேடு’ என்று சொன்னால் எம் புக் அளவுக்கே சுருக்கமாக இருக்கும். என் தேர்வு அதுதான். மனு எழுதும்போது மட்டும் ‘அளவுப் புத்தகம், அதாவது எம் புக்’ என்றே எழுதுங்கள். அப்போது அலுவலகத்தில் பொருள் மாறிப்போகாது.

டெண்டர் யாருக்குப் போனது என்று ஊரே பேசும். தமிழ்நாட்டில் 1998-இல் வந்த ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் பெரிதும் டெண்டர் கோருவது, பரிசீலிப்பது, ஏற்பது பற்றியதுதான். பணி ஆணை கொடுத்த பிறகு விதி காக்கப்பட்டதா என்பதற்கான சாட்சி அளவேட்டில்தான் இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

ஒரு வீதிக்கு 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனத்தில் காங்கிரீட் என்று வைத்துக்கொள்வோம். அளவேட்டில் நீளம், அகலம், கனம் என்ற கட்டங்களில் இவை ஏறி, கடைசிக் கட்டத்தில் 45 கன மீட்டர் என்று வரும். உண்மையில் போட்டது 12 செ.மீ. என்றால் 36 கன மீட்டர்தான். நடந்து போகிறவர் கண்ணுக்கு அந்த 3 செ.மீ. தெரியாது, 9 கன மீட்டருக்கான மக்கள் பணம் மட்டும் போய்விடும்.

அளவேட்டைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் பிரிவு 2(j), ஆவணங்களையும் வேலையையும் நேரில் பார்வையிடவும், சான்றிட்ட நகல் வாங்கவும், பொருளின் மாதிரி எடுக்கவும் இடம் தருகிறது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். மதிப்பீட்டு நகலையும் சேர்த்துக் கேளுங்கள். எவ்வளவு போட வேண்டும் என்பது அதில்தான் இருக்கும்.

நகல் கைக்கு வந்ததும் தேதிகளைப் பாருங்கள். ஜல்லிப் படுகையின் மேல் தார் போட்டுவிட்டால் அப்புறம் அந்தப் படுகையை அளக்க வழியில்லை, தோண்டித்தான் பார்க்க வேண்டும். ஆகவே படுகையை அளந்த தேதி, தார் போட்ட தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில், வேலையெல்லாம் முடிந்த பிறகு அளந்ததாக எழுதியிருந்தால், எப்படி அளந்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.