மூக்குச் சதையும் இளைப்பும்: இடையே ஒரு படிகம்

"மூக்கில் வளர்ந்த சதையை ஆபரேஷன் செய்து எடுத்தேன். திரும்ப வளர்ந்துவிட்டது. இப்போது வீசிங்கும் வருகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் உண்டு.

மூக்கின் உட்சவ்வும் மூச்சுக்குழாயின் உட்சவ்வும் ஒரே தொடர்ச்சி. அது புண்பட்டால் டிஎஸ்எல்பி, இன்டர்லூகின்-33 போன்ற எச்சரிக்கைப் பொருள்களை வெளிவிடும். உடனே நோயெதிர்ப்பு செல்கள் இன்டர்லூகின்-4, 5, 13 என்னும் செய்திப் புரதங்களைச் சுரக்கின்றன. ஐஜிஇ என்னும் ஒவ்வாமை எதிர்ப்புரதம் கூடுகிறது, சளி பெருகுகிறது, ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் குவிகின்றன. மூக்கில் இது நீடித்தால் சவ்வு நீர்கோத்துச் சதையாகத் தொங்கும். நுரையீரலில் நீடித்தால் குழாய் சுருங்கி மூச்சு இளைக்கும்; அதுதான் ஆஸ்துமா. கத்தி சதையைத்தான் எடுக்கிறது, அழற்சியை அல்ல.

குவிந்த ஈசினோஃபில் எப்படிச் சாகிறது என்பதுதான் எனக்கு அலுக்காத பகுதி. அது வெடித்து, தன் டிஎன்ஏவையே வலைபோல் வெளியே விரிக்கிறது. அதன் வயிற்றில் நிறைந்திருந்த காலெக்டின்-10 என்ற புரதமும் கொட்டுகிறது. கொட்டிய புரதம் சளிக்குள் படிகமாக உறைகிறது: இரு முனையும் கூரான, ஊசி போன்ற படிகங்கள். 1853-இல் பிரெஞ்சு மருத்துவர் சார்கோ இவற்றை விவரித்தார். 1872-இல் ஜெர்மன் மருத்துவர் லெய்டன் ஆஸ்துமா நோயாளிகளின் சளியில் கண்டார். உடலுக்குள் ஒரு புரதம் தானாகப் படிகமாவதே அபூர்வம். ஆனாலும் நூறாண்டுக்கு மேல் இதை ஈசினோஃபில் இருந்ததற்கான தடயமாக மட்டுமே பார்த்தார்கள். ஆய்வகத்து எலிக்குக் காலெக்டின்-10 கிடையாது என்பதும் ஆய்வுக்கு ஒரு தடை.

2019-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள், மூக்குச் சதை நோயாளிகளின் சளியிலிருந்தே படிகங்களை எடுத்தார்கள். எலியின் மூச்சுப்பாதையில் படிகத்தைச் செலுத்தினால் அழற்சி மூண்டது. படிகமாக முடியாதபடி மாற்றிய அதே புரதத்தைச் செலுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை! யூரிக் அமிலம் படிகமானதும் கால் பெருவிரல் வீங்குகிறதே, அதே சங்கதி. அழற்சி படிகத்தை உண்டாக்க, படிகம் அழற்சியை வளர்க்கிறது. இப்படிகத்தைக் கரைக்கும் எதிர்ப்புரதங்களையும் அவர்கள் உருவாக்கிக் காட்டினார்கள்.

பழைய நுண்ணோக்கிப் படமொன்றை மறுபடி கேள்வி கேட்டதில் கிடைத்த பலன் இது. "இதனால் உடனே என்ன பயன்?" என்று கேட்டு நிதி மறுக்கும் வழக்கம் இப்படிப்பட்ட ஆய்வுகளைத்தான் முதலில் கொல்லும். இன்னொரு பக்கம், ஹைதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் உயிருள்ள விரால் குஞ்சை மருந்தோடு விழுங்க ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்கிறார்கள். ஆஸ்துமா அதனால் தீரும் என்பதற்கு ஆதாரமே இல்லை. இன்ஹேலரை நிறுத்திவிட்டு அங்கே போகிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

படிகம் கரைக்கும் மருந்து இன்னும் சிகிச்சைக்கு வரவில்லை. ஆனால் இன்டர்லூகின்-4, 13 இரண்டின் வேலையையும் தடுக்கும் டூபிலுமாப் ஊசியை அமெரிக்காவில் 2018-இல் ஆஸ்துமாவுக்கும் 2019-இல் மூக்குச் சதைக்கும் அனுமதித்தார்கள். ஒரே ஊசி, இரண்டு நோய். விலைதான் நம்மில் பலருக்கு எட்டாதது.

கேட்டவருக்கு: ரத்தத்தில் ஈசினோஃபில் அளவு, நுரையீரலுக்கு ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதிப் பார்க்கும் சோதனை இரண்டையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மூக்குச் சதையும் ஆஸ்துமாவும் சேர்ந்து இருப்பவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், இப்யூபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளே கடும் இளைப்பைக் கிளப்பும். தலைவலிக்கு மருந்துக்கடையில் நீங்களாக எதையும் வாங்கிப் போடாதீர்கள்.